கணக்கில் ஏறிய மூவாயிரம்

2022 ஏப்ரல் 23, சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிட்டேன். வாசல் தெளிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கூடத்தில் விளக்கைப் போட்டால் வீட்டுக்காரருக்குத் தூக்கம் கலையும் என்று அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து போனைத் திறந்தேன். டெட்ராய்ட்டில் அப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம். டெட்ராய்ட் பேஸ்பால் அணியின் மிகேல் கப்ரேரா தன்னுடைய மூவாயிரமாவது ஹிட்டை அடிப்பாரா என்று பார்க்க வேண்டும். நாலு நாள் முன்னால்தான் அவருக்கு 39 வயது முடிந்திருந்தது. கணக்கு 2,999-ல் நின்றது.

ஆட்டம் இல்லை. அங்கே மழை. சனிக்கிழமை இரண்டு ஆட்டமாகச் சேர்த்து ஆடுவார்கள் என்று போட்டிருந்தது.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்து காத்திருந்தே தலை நரைத்தவர்கள் நாங்கள். ஒரு நாள் காத்திருப்பது பெரிய விஷயமே இல்லை. ஆனாலும் அன்றைக்கு மனசு கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, மறுபடி வைத்து, கடைசியில் பால்காரர் சத்தம் கேட்டுத்தான் எழுந்து போனேன்.

ஒரு நெல் விவசாயி வீட்டில், அறுபது தாண்டிய பெண்ணுக்குப் பேஸ்பால் எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2012 மே மாதம் மகளின் பிரசவத்துக்காக மிச்சிகன் போனேன். நோவை என்று ஒரு ஊர், டெட்ராய்ட்டுக்குப் பக்கம். மாப்பிள்ளைக்குக் கார் கம்பெனியில் வேலை. பெட்டியில் பிரசவ லேகியம், சுக்கு, வசம்பு, வெள்ளை வேட்டி கிழித்த துணி எல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். ஜூனில் பேத்தி பிறந்தாள். சாயங்காலம் ஏழு மணி ஆனால் அழ ஆரம்பிப்பாள்; பத்து மணி வரைக்கும் அடங்க மாட்டாள். மகளைத் தூங்கச் சொல்லிவிட்டு நான் குழந்தையை மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதே ஏழு மணிக்குத்தான் டிவியில் டெட்ராய்ட் டைகர்ஸ் ஆட்டமும் ஆரம்பிக்கும். மாப்பிள்ளை சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பார். வேறு வேலை இல்லாமல் நானும் பார்த்தேன். ஒரு வாரம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

"அத்தை, கிரிக்கெட்ட மறந்துட்டுப் பாருங்க" என்றார். அது நல்ல யோசனை.

அடித்த பந்தைப் பிடித்துவிட்டால் அவுட். பிடிக்காமல், முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய முனைகளில் முதலாவதுக்கு, பந்து வந்து சேர்வதற்குள் ஓடிப் போய்ச் சேர்ந்துவிட்டால் அது ஒரு ஹிட். எதிர் அணிக்காரர் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டு, அதனால் போய்ச் சேர்ந்திருந்தால் ஹிட் இல்லை. அது அவருடைய தவறு என்று எழுதுவார்கள். பந்து போடுகிற பிட்சர் நாலு பந்தை அடிக்கிற எல்லைக்கு வெளியே போட்டதால் நடந்து போனாலும் ஹிட் இல்லை. எது அடித்தவருடைய அடி, எது பிடிக்கிறவருடைய பிழை என்று தீர்ப்புச் சொல்லவே ஒருத்தர் மேலே உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு. ஒருத்தர் இருபது வருஷம் முன்னால் எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் போட்ட பந்தில் என்ன அடித்தார் என்று இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம். முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டுப் போனவள் நான். இது போதாதா எனக்கு?

இன்னொன்றும் என்னைப் பிடித்துப் போட்டது. நம் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு 35 எடுத்தால்தான் பாஸ். இந்த ஆட்டத்தில் நூறு தடவைக்கு முப்பது தடவை ஹிட் அடிக்கிறவர் பெரிய ஆட்டக்காரர். எழுபது தடவை தோற்றுத் திரும்பி வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்து போக வேண்டும். ஒரு வருஷத்துக்கு 162 ஆட்டம். கணக்கு வராது என்று அழுத எத்தனையோ பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருக்கலாமே, தெரியாமல் போய்விட்டதே என்று இருந்தது.

அந்த வருஷம் கப்ரேராவின் வருஷம். நூற்றுக்கு 33 என்கிற கணக்கில் அடித்தார். 44 ஹோம் ரன், அதாவது வேலியைத் தாண்டிப் போன அடி. அவர் அடியால் உள்ளே வந்த ரன் 139. இந்த மூன்றிலும் ஒரே வருஷத்தில் லீகிலேயே முதலாவதாக வருவதற்கு ட்ரிபிள் கிரவுன் என்று பெயர். அதற்கு முன் 1967-ல் பாஸ்டனின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி செய்தது. நாற்பத்தைந்து வருஷமாக யாராலும் முடியவில்லை. இதெல்லாம் எவ்வளவு பெரியது என்று தெரியாமலேயே, குழந்தையைத் தட்டிக்கொண்டே, அந்தக் கோடை முழுவதும் பார்த்துவிட்டேன்.

ஆனால் அதே கோடையில் இங்கே ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போய்விட்டது. தினமும் வீட்டுக்காரர் போனில் சொல்வது ஒன்றுதான்: "கர்நாடகா இன்னும் விடல." ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஹூரான் ஏரிக்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். கடல் போல அலை வேறு. குனிந்து கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை. நல்ல தண்ணீர். மிச்சிகனை இப்படி நாலு பெரிய ஏரிகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்றாள் மகள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செப்டம்பரில்தான் மேட்டூரைத் திறந்தார்கள்.

அக்டோபர் 28-ம் தேதி இரவை மறக்க முடியாது. வருஷத்தின் சாம்பியன் யார் என்று முடிவு செய்கிற உலகத் தொடரின் நாலாவது ஆட்டம், டெட்ராய்ட்டிலேயே. சான் பிரான்சிஸ்கோ ஏற்கெனவே மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டது. மூன்றாவது இன்னிங்ஸில் கப்ரேரா ஒரு ஹோம் ரன் அடித்தார். காற்று அடித்த அடியில் பந்து மிதந்துகொண்டே போய் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. பத்தாவது இன்னிங்ஸில் 4-3 என்று பின்தங்கி, இரண்டு அவுட் ஆகி, மறுபடி அவரே வந்து நின்றார். செர்ஜியோ ரோமோ போட்ட கடைசிப் பந்து நட்ட நடுவில் வந்தது. கப்ரேரா மட்டையை அசைக்கவில்லை. வேறு மாதிரிப் பந்து வரும் என்று எதிர்பார்த்திருக்கிறார். மூன்றாவது ஸ்டிரைக், அவுட். தொடர் முடிந்துவிட்டது. ட்ரிபிள் கிரவுன் வாங்கிய மனிதர் மட்டையைத் தோளுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. மாப்பிள்ளை எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டார். குழந்தை என் தோளில் தூங்கியிருந்தது.

அடுத்த வருஷம் அதே மனிதர் நூற்றுக்கு 35 எடுத்தார். சரியாகச் சொன்னால் .348. அந்த வருஷமும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். நான் அதை இங்கே, இந்தக் கூடத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். அப்போதிலிருந்து இப்போது வரை விடவில்லை.

அப்புறம் வந்ததெல்லாம் கஷ்டமான வருஷங்கள். 2017-ல் முதுகுத்தண்டு. 2018 ஜூனில் மட்டையைச் சுழற்றும்போதே கையில் தசைநாண் அறுந்தது. அந்த வருஷம் 38 ஆட்டத்தோடு சரி. முழங்கால் வேறு. 2021-ல் சராசரி .256-தான். இவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார், எண்ணிக்கைக்காக ஆடுகிறார், போய்விட்டால் நல்லது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. வேலையில் கடைசி இரண்டு வருஷம் என்னிடமும் ஒருத்தர் இப்படித்தான் சொன்னார்: "நீங்க சும்மா உக்காருங்க டீச்சர், சின்னவங்க பாத்துக்குவாங்க." எட்டாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். சும்மா உட்காருவது எவ்வளவு பெரிய வேலை என்று உட்கார வைக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். கப்ரேரா அந்த வருஷங்களில் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஓடி எடுத்த ஒவ்வொரு சிங்கிளும், அதாவது முதல் பேஸோடு நிற்கிற ஹிட்டும், 2012-ல் அடித்த ஹோம் ரன்களைவிட எனக்கு உசத்தி. இதை யாரோடு வேண்டுமானாலும் வாதாடத் தயார்.

மூவாயிரம் என்பது என்ன என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வருஷத்தில் 200 ஹிட் அடித்தாலே அது மிகப் பெரிய வருஷம். அப்படி ஒரு வருஷம்கூடத் தவறாமல் பதினைந்து வருஷம் அடித்தால்தான் மூவாயிரம் வரும். பெரிய லீக் ஆட்டம் 1876-ல் ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஆடிய ஆயிரக்கணக்கானவர்களில் இதற்கு முன் அதைத் தொட்டவர்கள் 32 பேர். பீட் ரோஸ் 4,256 வரை போனார். ராபர்ட்டோ கிளமென்டே சரியாக மூவாயிரத்திலேயே நின்றுவிட்டார். போர்ட்டோ ரிக்கோக்காரர், பிட்ஸ்பர்க் அணி. 1972 செப்டம்பர் 30-ல் மூவாயிரமாவதை அடித்தார். டிசம்பரில் நிகராகுவாவின் மனாகுவா நகரத்தைப் பூகம்பம் தாக்கியது. நிவாரணச் சாமான்களை ஏற்றிக்கொண்டு டிசம்பர் 31-ல் தானே கிளம்பினார். விமானம் கடலில் விழுந்துவிட்டது. இதை முதல் தடவை படித்தபோது 2018 நவம்பர்தான் நினைவுக்கு வந்தது. கஜா அடித்து ஓடு, தென்னை எல்லாம் போய் நாங்கள் ரோட்டில் நின்றபோது, பெயர் தெரியாத ஊர்களிலிருந்து வேன் வேனாக அரிசியும் தார்ப்பாயும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்களே, அவர்கள். கிளமென்டே என்றால் எனக்கு அந்த வேன்கள்தான்.

சரி, கப்ரேராவுக்கு வருகிறேன்.

ஏப்ரல் 20, நியூயார்க் யாங்கீஸோடு ஆட்டம். மூன்று ஹிட் அடித்து 2,999-க்கு வந்துவிட்டார். மறுநாள் வியாழக்கிழமை மத்தியான ஆட்டம், நமக்கு ராத்திரி பத்தே முக்கால் வாக்கில். மூன்று தடவை வந்து மூன்று தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸ் வரும்போது மணி ஒன்றை நெருங்கிவிட்டது. இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆள் நிற்கிறார்கள். டெட்ராய்ட் 1-0 முன்னால். கப்ரேரா மட்டையோடு வருகிறார். மைதானமே எழுந்து நிற்கிறது.

யாங்கீஸ் மேனேஜர் கையைக் காட்டினார். வேண்டுமென்றே நடக்க விடுவது. முன்பெல்லாம் நாலு பந்தையும் தள்ளிப் போட்டுத்தான் ஆக வேண்டும். 2017-லிருந்து கை காட்டினாலே போதும், ஒரு பந்துகூடப் போட வேண்டாம். கப்ரேரா மட்டையை வைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போனார். ஜனங்கள் போட்ட கூச்சலில் என் போனே அதிர்ந்தது. எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு இருட்டில் உட்கார்ந்து கண்ணீர் விட்டேன்.

மறுநாள் ஆற அமர யோசித்துப் பார்த்தேன். அந்த மேனேஜர் செய்தது ஆட்டத்துக்குள் உள்ள முறைதான். இடது கைப் பிட்சர், அடுத்து வருகிறவர் இடது கை ஆட்டக்காரர். அவரை அவுட் ஆக்குவது சுலபம் என்று கணக்குப் போட்டார். கணக்கு பலிக்கவில்லை. அடுத்து வந்த ஆஸ்டின் மெடோஸ் இரண்டாவது பேஸ் வரை போகிற டபுள் அடித்தார், இரண்டு ரன் வந்தது, டெட்ராய்ட் 3-0 என்று ஜெயித்தது. கப்ரேரா நடந்ததும் சேர்ந்துதான் அந்த ஜெயிப்பு. ஆனால் அவருடைய ஹிட் கணக்கில் அது ஏறாது. 2,999 அப்படியே நின்றது. அதற்கப்புறம் மழை. அப்புறம் சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமை பகல் சரியான வெயில். வயலில் பருத்தி, மற்றபடி பாமணி ஆற்றில் மணல்தான். சாயங்காலம் கரண்ட் போய் எட்டரைக்கு வந்தது. போனில் சார்ஜ் நாற்பதுதான் இருந்தது; உடனே போட்டுவிட்டு, சாப்பாட்டை முடித்து, பத்தரைக்கெல்லாம் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். உள்ளே புழுக்கம். வீட்டுக்காரரும் விசிறியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. "அந்த ஆளு இன்னிக்கு அடிச்சிருவாரா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் இன்னிங்ஸிலேயே வந்தார். எதிரே கொலராடோவின் பிட்சர் அன்டோனியோ சென்சடேலா, கப்ரேராவைப் போல அவரும் வெனிசுவேலாக்காரர்தான். பந்து வந்தது. கப்ரேரா அதை இழுத்து அடிக்கவில்லை. வருகிற பக்கத்துக்கே மட்டையைக் கொடுத்தார். பந்து உயரே எழும்பவே இல்லை. தரையோடு தரையாக, புல்லை ஒட்டி, வலது பக்கம் இரண்டு பேருக்கு நடுவில் இருந்த சந்தில் புகுந்து ஓடியது. அவ்வளவுதான். ஒரு சிங்கிள். 2003 ஜூன் 20-ல், இருபது வயதில், அவர் அடித்த முதல் ஹிட் பதினோராவது இன்னிங்ஸில் ஆட்டத்தையே முடித்துவைத்த ஹோம் ரன். மூவாயிரமாவது ஹிட் தரையில் உருண்டு போன சிங்கிள். எனக்கு இதுதான் பிடித்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு மனிதர் கற்றுக்கொண்டது எல்லாம் அந்த உருளலில் இருந்தது.

முதல் பேஸில் நின்று கையைத் தூக்கினார். எதிர் அணியில் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் ஹோசே இக்லேசியஸ் தன் இடத்தை விட்டு ஓடிவந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். பழைய டெட்ராய்ட் சகா. அம்மா, மனைவி, பிள்ளைகள் மைதானத்துக்குள் வந்தார்கள். அந்த அம்மாவும் வெனிசுவேலா நாட்டு சாஃப்ட்பால் அணிக்கு ஆடியவர். மகனுடைய கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது போலத் தெரிந்தது. சின்னத் திரை, என் கண்ணிலும் தண்ணீர், சரியாகப் பார்க்க முடியவில்லை. மூவாயிரம் அடித்த முதல் வெனிசுவேலாக்காரர் அவர். மூவாயிரம் ஹிட்டும் ஐந்நூறு ஹோம் ரன்னும் சேர்ந்து வைத்திருக்கிறவர்கள் அவரோடு சேர்த்து ஏழே பேர். ஐந்நூறாவது ஹோம் ரன்னை முந்தின வருஷம் ஆகஸ்டில் டொரான்டோவில் அடித்திருந்தார்.

மிச்சிகனிலிருந்து வீடியோ கால் வந்தது. பேத்திக்கு ஜூனில் பத்து வயசு முடியப் போகிறது. "அம்மாச்சி! பாத்தீங்களா?" என்று கத்தினாள். அவள் நாலு மாசக் குழந்தையாக என் தோளில் தூங்கிய ராத்திரியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. அன்றைக்கு டெட்ராய்ட் 13-0 என்று ஜெயித்தது. கப்ரேரா இன்னொரு ஹிட்டும் அடித்தார், 3,001.

ஞாயிற்றுக்கிழமை காலை பருத்திக்குக் களை எடுக்க அக்கா வந்தார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து எங்கள் வயலில் நடவு, களை, அறுப்பு எல்லாவற்றுக்கும் வருகிறவர். அறுபத்திரண்டோ மூன்றோ இருக்கும். காப்பி கொடுக்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ராத்திரி நடந்ததைச் சொன்னேன். பத்தொன்பது வருஷம், மூவாயிரம் தடவை என்றேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "பத்தொம்பது வருசத்துல மூவாயிரம் தடவதானா டீச்சர்? அவ்ளோ கஷ்டமான வேலயா அது?"

கஷ்டம்தான் அக்கா, ஏனென்றால் எதிரே ஒருத்தர் அடிக்க விடக்கூடாது என்றே பந்து போடுகிறார் என்று விளக்கினேன். புரிந்துகொண்டு தலையாட்டினார். "பாவம், முட்டி வலியோட ஓடியிருக்காரு" என்றார். அவருக்கும் முழங்கால்தான். மேலே வந்து தைலம் வாங்கித் தடவிக்கொண்டு களைக்கொட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு எனக்கு அந்தக் கேள்வி விடவில்லை. பழைய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் ஒரு மாவுக்கு ஐந்து ஆள் நடவு. ஒரு மா என்றால் நூறு குழி. ஆக ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது குழி. ஒரு குழி 144 சதுர அடி. சதுர அடிக்கு நாலு குத்து வைத்தால் குழிக்கு 576. இருபது குழிக்கு 11,520. அதாவது ஒரு நாளைக்கு ஒரு பெண் பதினோராயிரத்து ஐந்நூறு தடவை குனிந்த நிலையிலேயே விரலைச் சேற்றுக்குள் விட்டு எடுக்கிறாள். குறுவை, சம்பா, தாளடி என்று வருஷத்துக்கு முப்பது நாள் நடவு என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நாற்பது வருஷத்துக்கு 1,200 நாள். பெருக்கினால் ஒரு கோடியே முப்பத்தெட்டு லட்சத்து இருபத்து நாலாயிரம்.

இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன். சரிதான்.

ஒரு குத்து நடுவதைக் கிட்டே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடது கையில் நாற்று முடி. அதிலிருந்து வலது கைக் கட்டைவிரல் மூன்று நாற்றைப் பிரிக்கும். இரண்டும் வராது, ஐந்தும் வராது. மற்ற இரண்டு விரல் வேரை அணைத்துக்கொண்டு சேற்றில் இறங்கும். ஆழம் போனால் பயிர் தூர் கட்டாது. மேலாக வைத்தால் தண்ணீரில் மிதக்கும். விரல் வெளியே வரும்போதே அடுத்த மூன்று நாற்று பிரிந்திருக்கும். ஒரு குத்துக்கு ஒரு நொடி, இரண்டு நொடி. அக்கா நடும்போது கையைப் பார்க்கவே மாட்டார். பக்கத்தில் இருப்பவரோடு மகள் வீட்டுக் கதையைப் பேசிக்கொண்டே பின்னால் பின்னால் போய்க்கொண்டிருப்பார். எங்கள் வீட்டுக்காரர் சொல்வார், அக்கா நட்ட பத்தியில் மறுநாள் ஒரு நாற்றும் மிதக்காது என்று.

இதற்கு ஏடு இல்லை. நூறு நாள் வேலை அட்டையில் அவர் பெயருக்கு நேரே நாள் கணக்கு இருக்கிறது. கூலி கொடுத்த கணக்கு எங்கள் நோட்டில் இருக்கிறது. அவர் கை செய்த வேலையின் கணக்கு எங்கேயும் இல்லை. இப்போது எங்கள் ஊரில் பாதி நிலம் மெஷின் நடவு, மீதியில் நிறைய நேரடி விதைப்பு. கை நடவுக்கு வருகிறவர்களில் அக்காவைவிட இளையவர்கள் நாலைந்து பேர்தான். மூவாயிரத்தைப் பார்த்து அழுதவள் நான். என் வயலில் ஒரு கோடி நடந்திருக்கிறது, ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை. கணக்கு டீச்சராக இருந்துகொண்டு. இது என் குறைதான்.

அந்த வருஷம் மே 24-லேயே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்கு அப்புறம் மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை. மூணாறு தலைப்புக்குத் தண்ணீர் வந்த அன்று வீட்டுக்காரர் என்னையும் ஸ்கூட்டரில் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். வெண்ணாறு அங்கே பிரிகிற இடத்தில், நுரையும் சருகுமாக, செக்கச் செவேலென்று வந்தது. ஜூன் கடைசியில் மகளும் பேத்தியும் வந்தார்கள். கொரோனாவால் மூன்று வருஷம் வர முடியாமல் இருந்து அப்போதுதான். பேத்தி சாஃப்ட்பால் ஆடுகிறாள், இரண்டாவது பேஸ். பெட்டியில் கிளவுஸ், ஒரு பந்து, அப்புறம் நீளமாக ஒரு ஸ்கோர் புக். சின்னச் சின்னக் கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வைரம் மாதிரி ஒரு படம்.

வந்த நாலாம் நாள் எங்கள் மூன்று மாவில் நடவு. மெஷின் வேண்டாம், கை நடவுதான் என்று நான் முன்னமே சொல்லி வைத்திருந்தேன். பதினைந்து பேர். காலை ஏழு மணிக்குக் குலவை போட்டு இறங்கினார்கள். பேத்தி அதைக் கேட்டு அசந்து போனாள். வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அக்காவின் கணக்கை அவளிடம் சொன்னேன். ஒரு கோடியே முப்பத்தெட்டு லட்சத்தை ஆங்கிலத்தில் மில்லியனாக மாற்றிச் சொன்னதும் வாயைப் பிளந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து வீட்டுக்கு ஓடி ஸ்கோர் புக்கோடு வந்தாள்.

ஒவ்வொரு குத்தாக எண்ண முடியாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. கை அவ்வளவு வேகம். முடியை எண்ணினாள். ஒரு முடி தீர்ந்து அக்கா அடுத்த முடியைத் தண்ணீரிலிருந்து எடுத்து உதறும்போதெல்லாம் ஒரு கட்டத்தில் ஒரு கோடு. மேலே தேதி எழுதினாள். ஊர்ப் பெயர் எழுதினாள். அக்காவின் பெயரை என்னிடம் கேட்டு, எழுத்துக்கூட்டித் தமிழில் எழுதினாள். எதிர் அணி என்று இருந்த இடத்தில் என்ன போடுவது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "வெயில்" என்று போட்டுக்கொண்டாள்.

பத்தரைக்குக் கஞ்சி குடிக்கக் கரையேறினார்கள். பேத்தியும் அவர்களோடு உட்கார்ந்து ஊறுகாய் வாங்கித் தின்றாள். மறுபடி இறங்கினார்கள். வெயில் ஏறியதும் அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். போகவில்லை. என் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தடவை தண்ணீர் குடிக்க மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டு ஓடி வந்தாள்.

மூன்று மணிக்கு முடிந்தது. அக்கா வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு, இடுப்பைப் பிடித்து நிமிர்ந்து, வரப்புக்கு வந்தார்.

"காலைலேருந்து என்னயே பாத்துப் பாத்து என்ன எழுதுது பாப்பா?"

நான் சொன்னேன். அக்கா கிட்டே வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். ஈரக் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தாளைத் தொட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கோடுகள் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டு போனார்.

"எத்தன வந்துருக்கு?"

"சிக்ஸ்டி த்ரீ" என்றாள் பேத்தி. அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, "அறுபத்தி மூணு" என்றாள்.

அக்கா தலையை ஆட்டினார்.

"அறுபத்தி நாலு. பாப்பா தண்ணி குடிக்கப் போச்சுல்ல, அப்ப ஒண்ணு முடிஞ்சுது."